திண்டிவனத்து ஆசிரியை

வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாரை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். மருத்துவராவதற்கு முன் அவர் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்ததை அறிந்தோர் சிலரே. அவ்வாழ்வின் வாசலில்தான் அவருடைய பிற்காலம் முழுவதும் தொடங்கிற்று.

இன்று தோல் தொழிலால் பெயர் பெற்று விளங்கும் இராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்கடர் ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில், பசித்த சிறுவர்களுக்குத் தம் கையால் ரொட்டி ஊட்டிய குழந்தை அவர். பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது மகள் மட்டும் உறவினரிடம் விடப்பட்டாள். மிஷனரிக் குடும்பங்களில் அன்று இது வழக்கம். கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து வரும் கடிதமே அத்தகைய பிள்ளைகளுக்குத் தாய்மடி. ஐடாவின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அமெரிக்காவின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பெண்கள் கல்விக்கூடத்தில் அவர் பயின்றார். தோழியர் சூழ, குறும்பும் கேளிக்கையுமாக வாழ்ந்த அம்மாணவிக்கு மிஷன் பணியில் நாட்டமே இல்லை. 1890இல் தாயார் நோயுற்ற செய்தி அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தது. சில காலம் உதவிவிட்டுத் திரும்புவதே அவர் எண்ணம். அங்கிருந்த பெண்கள் பள்ளிப் பொறுப்பு இருபது வயதை எட்டும் அப்பெண்ணின் கைக்கு வந்தது.

ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்ப ஐடா முன்வந்தார். அயல் ஆடவர் தம் பெண்டிரைத் தொடுவதற்கு அவர்கள் இசையவில்லை. ஆசிரியையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891இல்தான் வந்தது. பாடம் கேட்கும் வயதிலேயே தாய்மை எய்தும் சிறுமியர் இருந்த காலம் அது. எழுத்தறிவு மட்டும் இவர்களைக் காக்காது என்பதை அவ்விரவு அவருக்கு உணர்த்திற்று. மருத்துவம் பயில அவர் கடல் கடந்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று 1900இல் வேலூர் வந்தார். நார்த்ஃபீல்டுத் தோழி ஆனி ஹான்காக்கும் உடன் வந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, கைவிட்ட ஆசிரியத் தொழிலுக்கு அவர் மீண்டு வந்தார் எனலாம். இம்முறை அவரிடம் பயின்றோர் இன்னொரு வீட்டின் நள்ளிரவுக் கதவைத் திறக்க வல்லவர் ஆயினர்.

1960இல் மறைந்த அவருடைய மடல்கள் இன்று வரலாறாகிவிட்டன. அவர் வாழ்வைத் திருப்பிய மூன்று பெண்களோ கதையில் பெயரின்றியே நிற்கின்றனர். எழுதத் தெரிந்தவரின் துயரம் நிலைக்கிறது. எழுதத் தெரியாதவரின் துயரம் அவரோடு எரிகிறது அல்லது புதைகிறது. நம் பாட்டியர் எழுதிய அஞ்சலட்டைகள் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைக் கறையானுக்கு இரையாக விடாமல் காப்பதும் இலக்கியப் பணியே.