வார இறுதிக்கு மூன்று சிரிப்புப் படங்கள்: பி. ரம்லீயின் வகுப்பறை



பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: பிள்ளைகளோடு உட்கார்ந்து கூச்சமின்றிப் பார்க்கத்தக்க நகைச்சுவைப் படம் எது? தமிழ்ப் படம் ஒன்றைச் சொல்வேன் என்றே அவர்கள் எதிர்பார்ப்பர். நான் சொல்வதோ மலாய்ப் படங்கள் மூன்று. பூஜாங் லாப்போக் (1957), பெண்டேக்கார் பூஜாங் லாப்போக் (1959), செனிமான் பூஜாங் லாப்போக் (1961). மூன்றையும் இயக்கி, அவற்றில் நடித்தும் இருப்பவர் பி. ரம்லீ. வெள்ளி இரவு ஒன்று, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என வைத்துக்கொண்டால் ஒரு வார இறுதிக்குச் சரியாக இருக்கும்.

இவற்றைப் பொழுதுபோக்காக மட்டுமன்றி, வரலாற்று ஆவணங்களாகவும் காண வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஜாலான் அம்பாஸ்

சிங்கப்பூரின் பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ் என்ற சிறு தெரு இருக்கிறது. போருக்குப் பின் அங்கேதான் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் இயங்கியது. முதலீடு சீனருடையது; நடித்தவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்; தொடக்க காலத்தில் இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். பினாங்கில் 1929ஆம் ஆண்டு பிறந்த ரம்லீயைத் திரைக்கு அழைத்து வந்தவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ். 1948இல் வெளிவந்த 'சிந்தா' அவருடைய முதற்படம். அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். மலாய்த் திரையின் மாபெரும் கலைஞனை நாயகனாக்கியதில் நம்மவர் ஒருவரின் கையும் இருந்தது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

அவ்வியக்குநர்களிடம் நடிகராகப் பணியாற்றியபடியே தொழிலைக் கற்றுக்கொண்ட ரம்லீ, 1955இல் 'பெனாரிக் பேச்சா' படத்தின் மூலம் தாமே இயக்குநரானார். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து வந்ததுதான் முதல் பூஜாங் லாப்போக்.

மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகள்

பூஜாங் லாப்போக் என்றால் வயது முற்றியும் மணமாகாத ஆடவர் எனப் பொருள். ரம்லீ, அசிஸ் சத்தார், எஸ். ஷம்சுத்தீன் ஆகிய மூவரும் ஏறத்தாழத் தம் சொந்தப் பெயர்களிலேயே ரம்லி, அஜிஸ், சுடின் என்று வருகின்றனர். கையில் காசில்லை, சொந்த வீடில்லை, வாடகை வீட்டில் ஒண்டுக்குடித்தனம். சிரித்துக்கொண்டே கவனித்தால், பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த அக்கால ஏழையின் வாழ்க்கை முழுவதும் அங்கே விரிந்து கிடப்பதைக் காணலாம்.

இரண்டாம் படத்தில் மூவரும் சீலாட் தற்காப்புக் கலை பயிலச் செல்கின்றனர். 1959இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட படம் இது. ஆசிரியர்கள் அவசியம் காண வேண்டிய காட்சி இதில் உள்ளது. எழுத்தறிவில்லாத இவர்கள், சீலாட் ஆசானின் மகள் ரோஸ் நடத்தும் வகுப்பில் வந்து அமர்கின்றனர். பாடம் ஜாவி எழுத்தில். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கூட்டிப் படிக்கும்போது, சற்றும் தொடர்பில்லாத சொல் ஒன்று வந்து விழுகிறது!

ஆண்டு ஒன்றில் வாசிப்புக் கற்பிக்கும் எவருக்கும் இது புதிதன்று. எழுத்தை அறிந்த பிள்ளை சொல்லை அறிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை ரம்லீ ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார். அக்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்புகள் நடந்து வந்தன. அவற்றின் சூழலை அறிய இக்காட்சி ஒன்றே போதும். 1963ஆம் ஆண்டின் தேசியமொழிச் சட்டம் ரூமி எழுத்தை அதிகாரபூர்வ எழுத்தாக்கியது. எனவே, ஜாவி வழியாக எழுத்தறிவு பெற்ற ஒரு தலைமுறையின் பதிவாகவும் இது நிற்கிறது.

அப்பாவின் சிரிப்பு

இக்காட்சியை நான் முதலில் பார்த்தது தோட்ட மண்டபத்துக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில். அப்போது நான் ஐந்தாம் ஆண்டு மாணவன். என் அப்பா பால்மரம் சீவியவர். எழுதப் படிக்கத் தெரியாது. என் தேர்ச்சி அறிக்கையில் அவர் பெருவிரல் ரேகைதான் இருக்கும். பிற மாணவர்களின் அறிக்கைகளில் கையொப்பம் இருக்க, என்னுடையதில் மட்டும் நீல மை. அந்த வெட்கத்தால் ஒரு தவணை அவரிடம் காட்டாமல், நானே அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். எல்லாரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். லயத்துக்குத் திரும்பும் வழியில் சொன்னார்: "அவ்ளோ பெரிய ஆளுங்களே வெக்கப்படாம பெஞ்சுல ஒக்காந்து படிக்கிறானுங்க. எனக்கும் எம் பேர எழுதச் சொல்லிக் குடுடா."

ஐந்தே எழுத்துகள். மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த தவணை அறிக்கையில் கோணல்மாணலாக அவர் பெயர் இருந்தது. முந்தைய தவணையில் நான் செய்ததை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நான் ஆசிரியனான பிறகு, தவறாக வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீல மை என் நினைவுக்கு வருகிறது.

தன்னையே எள்ளிய கலைஞன்

மூன்றாம் படத்தில் அம்மூவரும் நடிகராகும் ஆசையோடு ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்துக்கே செல்கின்றனர். தம் தொழிலையும் தம் முதலாளியின் இடத்தையும் ரம்லீ சிரிப்புக்கு உள்ளாக்குகிறார். வசனத்தை மறந்து திணறும் காட்சியையும், ஒண்டுக்குடித்தன வீட்டில் ஆளுக்கொரு ஓசை எழுப்பி அண்டையாரை வதைக்கும் காட்சியையும் இருமுறை பாருங்கள். ஓசையை அடுக்கி அடுக்கியே சிரிப்பை வளர்க்கும் திறம் ஓர் இசையமைப்பாளருக்கே கைவரும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் பேச வேண்டும். பிற இனத்தவரின் மலாய் உச்சரிப்பு இப்படங்களில் கேலிப்பொருளாகிறது. அக்காலத்தில் அது இயல்பாகக் கருதப்பட்டது. உச்சரிப்புக்காக நம் பிள்ளைகளும் கேலிக்கு ஆளாவதுண்டு. எந்தச் சிரிப்பு மனிதரைச் சேர்க்கிறது, எந்தச் சிரிப்பு ஒதுக்குகிறது என்று கேளுங்கள். நல்ல நன்னெறிப் பாடம் அமையும்.

1964இல் ரம்லீ கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். 1967இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. புதிய இடத்தில் பழைய வசதிகளும் இல்லை, பழைய வரவேற்பும் இல்லை. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தம் 44ஆம் வயதில் காலமானார். டான் ஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது 1990இல்! செத்தாபாக்கில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகம். விடுமுறையில் பிள்ளைகளை அங்கும் அழைத்துச் செல்லலாம்.

இந்த வார இறுதியில் வீட்டில் பெரியவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். அவர்கள் எந்தக் காட்சிக்குச் சிரிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பிறகு ஏன் என்று கேளுங்கள்.