கிறிஸ்துகுல ஆசிரமம்

மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் திருப்பத்தூரில் நிறுவிய சீர்திருத்தக் கிறிஸ்தவ ஆசிரமம். ஜெபத்துக்கென நேரம் ஒதுக்கினால்தான் விசுவாசம் புதுப்பிக்கப்படும் என்பதற்கு இது வலுவான சான்று. ஜெபத்தில் கழியும் நேரம் ஏழைகளுக்குச் சேரவேண்டியது என்று சிலர் வாதிடுவர். ஆனால் இங்கே மணம் செய்யாமல், கதர் உடுத்தி, ஜெப ஒழுங்கில் வாழ்ந்தவர்களே நோயாளிகளுக்கு மருத்துவமும் பார்த்தனர்; ஜெபம் தொண்டைக் குறைக்கவில்லை, தாங்கி நின்றது. திராவிடக் கோயில் பாணியில், கோபுரத்துடன் எழுந்த ஜெபாலயம் விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பதும் பொருந்தாது. வடிவம் தமிழ் மண்ணுடையது, வழிபாடு கிறிஸ்துவுக்கே உரியது. துறவிகளுக்கு இயல்வது குடும்பத்தாருக்கு இயலுமா என்ற கேள்விக்கு மாற்கு நற்செய்தி விடை தருகிறது: அதிகாலையில் தனியிடத்தில் ஜெபித்த இயேசு, அதன்பின் கலிலேயா ஊர்களுக்குத் தொண்டாற்றப் புறப்பட்டார். விடியலில் சிறிது நேரம் எந்த இல்லத்திலும் ஒதுக்கக்கூடியதே.