சீமைக் கருவேலத்தின் லிக்னின்: வினையூக்கிக்கு முன்னே மரத்தைப் பிரிக்கும் முறை

மரத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு லிக்னின். செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்துத் தண்டுக்கு விறைப்பைத் தருவது இதுவே. பென்சீன் வளையங்களை இயற்கை இவ்வளவு பெருமளவில் வேறெந்தப் பொருளிலும் சேர்த்து வைக்கவில்லை. பெட்ரோலியத்திலிருந்து பெறும் பீனால் போன்றவற்றுக்கு லிக்னின் மாற்று மூலமாகலாம் என்ற எதிர்பார்ப்பு அதனால் எழுந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் அதன் பெரும்பகுதி எரிந்தே தீர்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் தைல மரமும் சீமைக் கருவேலமும் இருவேறு வழிகளில் அந்த முடிவையே அடைகின்றன.

1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் வளர்க்கும் தைல மரம் காகிதக் கூழுக்குச் செல்கிறது. கூழ் ஆலையில் மரச்சில்லுகள் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் சுமார் 170 டிகிரி செல்சியசில் வேகின்றன. லிக்னினின் ஈதர் பிணைப்புகள் அறுபடுகின்றன. அதே சூட்டில் துண்டுகள் உறுதியான கார்பன்–கார்பன் பிணைப்புகளால் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கந்தகமும் ஏறிவிடுகிறது. கரைந்து வரும் கருஞ்சாற்றை ஆலை எரித்து நீராவியையும் உப்புகளையும் மீட்கிறது. அந்த மீட்பில்தான் ஆலையின் கணக்கே நிற்கிறது. எனவே ஆலை லிக்னினை வீணடிக்கிறது என்பது சரியன்று. ஆனால் ரூத்தேனியம், பல்லேடியம் போன்ற வினையூக்கிகளுக்குக் கந்தகம் நஞ்சு. ஒட்டி இறுகிய லிக்னினை அவை எளிதில் பிரிப்பதும் இல்லை.

இவ்விடத்தில் ஓர் எளிய கணக்கு முக்கியமானது. நீண்ட சங்கிலியின் நடுவிலுள்ள ஓர் அலகு தனியே விடுபட, அதன் இருபுறமும் அறுபடக்கூடிய ஈதர் பிணைப்பு இருக்கவேண்டும். ஆகவே கிடைக்கும் ஒற்றை மூலக்கூறுகளின் உச்ச அளவு, ஈதர் பிணைப்புகளின் விகிதத்தினுடைய வர்க்கத்தை ஒட்டியது. விகிதம் 70 விழுக்காடானால் விளைச்சல் 49. விகிதம் 50 ஆகக் குறைந்தால் விளைச்சல் 25. எத்தனை சிறந்த வினையூக்கியானாலும், பிரித்தெடுக்கும்போது இழந்த ஈதர் பிணைப்பை ஈடுசெய்ய இயலாது.

லிக்னினை முதலில் எடுக்கும் முறை இந்த இழப்பைத் தவிர்க்கிறது. மரத்தூள், மெத்தனால், நிக்கல் அல்லது ரூத்தேனியம் வினையூக்கி ஆகியவை ஒரே கலத்தில் 200 முதல் 250 டிகிரியில் சூடாகின்றன. கரைப்பான் லிக்னினைக் கரைக்கிறது. அறுந்த துண்டுகள் மீண்டும் ஒட்டுமுன் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் ஏற்று நிலைபெறுகின்றன. பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்களில் லிக்னினில் ஏறக்குறையப் பாதி ஒற்றை மூலக்கூறுகளாகிறது. செல்லுலோஸ் திண்மமாக மிஞ்சும். அதில் வினையூக்கித் தூள் கலந்துவிடுவதே பெருந்தொல்லை. வினையூக்கியைத் தனிக்கூடையில் வைப்பதும், கரைசலை மட்டும் அதன் வழியே செலுத்துவதும் இதற்கான தீர்வுகள்.

ஆவுடையார்கோவில் வட்டாரத்தின் வானம் பார்த்த கண்மாய்களில் அடர்ந்திருக்கும் சீமைக் கருவேலம் இம்முறைக்கு ஏற்ற மூலப்பொருள். கோணலான தண்டும் பட்டையும் காகித ஆலைக்கு உதவுவதில்லை. ஆகவே அது விறகாகிறது அல்லது கரிமூட்டத்துக்குப் போகிறது. மூட்டத்திலிருந்து எழும் புகையில் லிக்னின் சிதைவால் உண்டாகும் குவையக்காலும் சிரிங்காலும் கலந்திருக்கின்றன. வேதியியலாளர் தேடும் மூலக்கூறுகளின் நெருங்கிய உறவுகள் அவை, காற்றோடு போய்விடுகின்றன. சீமைக் கருவேலம் அகன்ற இலை மர வகையைச் சேர்ந்ததாதலால் சிரிங்கைல் எனும் அலகுகள் அதன் லிக்னினில் உண்டு. அவ்வலகுகள் மிகுந்த லிக்னினில் ஈதர் பிணைப்பும் மிகுதி. வைரத்தில் செறிந்த பிளேவனாய்டுகளை மட்டும் முன்கூட்டியே கரைத்து நீக்கவேண்டும்.

எப்பொருளைச் செய்வது என்பதிலும் மரமே வழிகாட்டுகிறது. நார்வேயின் போரேகார்ட் நிறுவனம் லிக்னினிலிருந்து வெனிலின் செய்வது ஸ்புரூஸ் மரத்தை நம்பி. சிரிங்கைல் அலகுகள் உள்ள சீமைக் கருவேலத்தில் வெனிலினோடு சிரிங்கால்டிஹைடும் வரும். பிரிக்கும் செலவு கூடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டிய வழி, மர லிக்னினைப் பீனாலாகவும் புரொப்பிலீனாகவும் மாற்றுவது. கலவையை ஒரே பொருளை நோக்கிக் குவிப்பதால் அதுவே இங்கு பொருந்தும்.

மெத்தனாலின் ஆவி அழுத்தமும் ஹைட்ரஜனும் கண்மாய்க் கரைக்கு உரியவை அல்ல. கரையில் சில்லாக்கிக் காயவைப்பதோடு நிறுத்தி, உயரழுத்தக் கலங்களைக் கையாளும் வேதி ஆலைக்கு அனுப்புவதே தகும். மேலும், 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இட்ட உத்தரவும், 2022-இல் அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையும் கோருவது இம்மரத்தை அகற்றுவதை. அதற்கொரு சந்தை உருவாகி, வெட்டியபின் தழைக்கும் தூரைக் காப்பாற்ற ஆசை வளர்ந்தால் நீர்நிலைகள்தான் கெடும். தூரோடு பெயர்த்த மரத்துக்கே விலை என்பது கொள்முதல் விதியாகவேண்டும். மரம் தீர்ந்தபின் சவுக்குக் கழிவிலும் முந்திரிக் கிளைகளிலும் ஓடும்படி ஆலை தொடக்கத்திலேயே அமையவேண்டும்.