வழுக் கண்காணிப்பு முறைமை

வழுக் கண்காணிப்பு முறைமை என்பது மென்பொருளில் காணப்படும் வழுக்களைப் பதிந்து, ஒவ்வொன்றும் திருத்தப்படும் வரையிலோ காரணத்துடன் தள்ளப்படும் வரையிலோ அதன் நிலையைக் குறித்து வைக்கும் ஒரு மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது ‘பக் டிராக்கர்’ எனப்படுகிறது. பக்சில்லா, மான்டிசு, ஜிரா முதலியன பரவலாக அறியப்பட்டவை. புதிய வசதிகளுக்கான வேண்டுகோள்களும் இவற்றிலேயே பதியப்படுவது வழக்கம்.

பெயர்

‘வழு’ தமிழ் இலக்கணத்தில் பழமையான சொல். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் கூறுகிறது. வழுவாயினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி எனப்படும். மென்பொருள் உலகிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு: ‘இது வழுவே, ஆயினும் திருத்தப்படாது’ என்று காரணம் குறித்து ஒரு பதிவை மூடுவதற்குப் பெரும்பாலான முறைமைகள் இடமளிக்கின்றன.

வரலாறு

குனூ திட்டத்தின் நேட்சு 1992 இலும், டெபியன் திட்டத்தின் மின்னஞ்சல் வழி முறைமை 1994 இலும் தோன்றின. 1998 இல் டெரி வெய்சுமன் நெட்சுகேப்பு நிறுவனத்தில் உருவாக்கிய பக்சில்லா, மோசில்லா திட்டத்துடன் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. தொடக்கத்தில் டிசிஎல் மொழியில் எழுதப்பட்ட இது, பின்னர் பெர்ள் மொழிக்கு மாற்றப்பட்டது. மான்டிசு 2000 இலும் ஜிரா 2002 இலும் வந்தன. ஜிரா என்ற பெயர் காட்சில்லாவின் சப்பானியப் பெயரான ‘கோஜிரா’வின் சுருக்கம், பக்சில்லாவுக்கு மறுமொழி போன்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சோகோ நிறுவனமும் ‘சோகோ பக்டிராக்கர்’ என்ற சேவையை உருவாக்கியுள்ளது.

வழுப்பதிவில் நகைச்சுவைக்கும் இடமுண்டு. உபுண்டுவின் முதலாம் எண் வழு, ‘சந்தையில் மைக்ரோசாப்டுக்கே பெரும்பங்கு உள்ளது’ என்பதாகும். 2004 இல் மார்க் சட்டில்வர்த்து பதிந்த இது, 2013 இல்தான் மூடப்பட்டது.

பதிவின் கூறுகள்

ஒவ்வொரு வழுவுக்கும் தனி எண் வழங்கப்படும். மென்பொருளின் பதிப்பு, இயங்குதளம், பாதிக்கப்பட்ட கூறு, கடுமை, முன்னுரிமை, பொறுப்பாளர் ஆகியவை அதன் கீழ்க் குறிக்கப்படும். கடுமையும் முன்னுரிமையும் ஒன்றல்ல. எப்போதாவது நேரும் செயலிழப்பு கடுமையானது. முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் பிழையாக இருப்பது கடுமையற்றது, ஆனால் உடனே திருத்த வேண்டியது.

பதிவின் உயிர்நாடி, வழுவை மறுபடி தோற்றுவிக்கும் படிமுறையே. எடுத்துக்காட்டாக, கோவில்பட்டியிலுள்ள ஒரு தீப்பெட்டி ஆலைக்கு எழுதப்பட்ட விலைப்பட்டியல் மென்பொருளில் ஊர்ப்பெயர் ‘கோவில்பட்ட’ என்று அச்சாகிறது எனக் கொள்வோம். ‘ஊர்ப்பெயர் தவறாக வருகிறது’ என்று மட்டும் பதிந்தால், நிரலாளர் ‘எட்டயபுரம்’ என்று இட்டுப் பார்த்து, சரியாக அச்சாவது கண்டு, ‘எனக்கு இயங்குகிறது’ என்று பதிவை மூடிவிடக்கூடும். எட்டயபுரம் ஏழு எழுத்து, கோவில்பட்டி ஆறே எழுத்து. நீளமான பெயர் சரியாகவும் குறுகியது வெட்டுண்டும் வருவது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றும்.

மாறாக, பதிவு இவ்வாறு அமைந்திருந்தால் விடை உடனே கிடைத்துவிடும்: ‘எட்டயபுரம்’ சரியாக வருகிறது; ‘கோவில்பட்டி’, ‘கோவில்பட்ட’ ஆகிறது; ‘விளாத்திகுளம்’, ‘விளாத்திகு’ ஆகிறது. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகும். அக்கணக்கில் எட்டயபுரம் 10, கோவில்பட்டி 11, விளாத்திகுளம் 13. புலத்தின் நீளத்தை எவரோ பத்து எனக் குறுக்கியிருக்கிறார் என்பது மூன்று வரிகளிலேயே விளங்கிவிடுகிறது. பிழையாக வருவதோடு சரியாக வருவதையும் எழுதியதே இப்பதிவின் சிறப்பு.

வழுவின் வாழ்க்கை வட்டம்

பக்சில்லாவில் ஒரு பதிவு பொதுவாக உறுதிசெய்யப்படாதது, புதியது, ஒப்படைக்கப்பட்டது, தீர்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது என்ற நிலைகளைக் கடக்கும். தீர்வு என்பது திருத்தத்தை மட்டும் குறிப்பதன்று. ‘இது வழுவன்று’, ‘முன்பே பதியப்பட்டது’, ‘திருத்தப்படாது’, ‘எனக்கு இயங்குகிறது’ ஆகியனவும் தீர்வுகளே. மூடப்பட்ட பதிவைப் புதிய சான்றுடன் மீளத் திறக்கலாம். சான்றின்றித் திறப்பது பூசலையே வளர்க்கும். பாதுகாப்பு வழுக்கள் திருத்தப்படும் வரை பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கப்படுகின்றன.

மூடிய பதிவுகள் அழிக்கப்படுவதில்லை. நிரலில் மாற்றம் செய்யும்போது வழு எண்ணையும் குறிப்பிடுவதால், குறிப்பிட்ட வரி ஏன் எழுதப்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் அறியலாம். எழுதியவர் வேலையை விட்டுச் சென்ற பின்னர் இதன் அருமை தெரியும்.

தமிழ் எழுத்துருவாக்க வழுக்கள்

உலாவிகளையும் இயங்குதளங்களையும் எழுதுவோரில் மிகப்பலர் தமிழ் அறியாதவர்கள். ‘கோ’ என்பதில் கொம்பு மெய்யின் முன்னும் கால் பின்னும் வரவேண்டும் என்பதோ, அவை பிரிந்து நின்றால் படிக்க இயலாது என்பதோ அவர்கள் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே தமிழ் வழுவைத் தமிழ் படிப்பவர் பதிந்தாலன்றி அது வெளிப்படுவது அரிது.

பயர்பாக்சு உலாவியின் 2 ஆம் பதிப்பு வரை, பத்திகளை இருபுறமும் சீராக்கி அமைத்த பக்கங்களில் தமிழ் எழுத்துகள் சிதைந்து, குறிகள் மெய்யிலிருந்து பிரிந்து தெரிந்தன. அதனால் தமிழ்த் தளங்கள் பல சீராக்கலையே கைவிட நேர்ந்தது. 2008 சூனில் வெளிவந்த பயர்பாக்சு 3 இல் எழுத்துகளை வரையும் பகுதி புதிதாக எழுதப்பட்டபோதே இது நீங்கியது. ஆப்பிள் நிறுவனத்தின் ‘ரேடார்’ போன்ற மூடிய முறைமைகளில் பயனரால் பிறர் பதிவுகளைக் காண இயலாது. 2018 பெப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று ஐபோன் செயலிகளை முடக்கிய வழு, செய்திகளில் பெரிதும் பேசப்பட்டு, ஐஓஎசு 11.2.6 இல் திருத்தப்பட்டது.

இவ்வகைப் பதிவுகளில் திரைப்பிடிப்பு மட்டும் போதாது. தவறான எழுத்தை வட்டமிட்டு, சரியான வடிவத்தையும் அருகில் காட்ட வேண்டும். உரையைப் படமாக மட்டுமின்றி நகலெடுக்கத்தக்க எழுத்தாகவும் தர வேண்டும். எழுத்துருவின் பெயரையும் குறிப்பிடுதல் நன்று, ஏனெனில் குறை உலாவியில் இல்லாமல் எழுத்துருவிலேயே இருக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவில்

விக்கிமீடியா திட்டங்களுக்கு 2004 முதல் பக்சில்லா பயன்பட்டது. 2014 நவம்பரில் பதிவுகள் பாபிரிகேட்டருக்கு மாற்றப்பட்டன. அப்போது பழைய எண்களுடன் 2000 கூட்டப்பட்டது. முதலாம் வழு ‘டி2001’ ஆயிற்று. பாபிரிகேட்டரை உருவாக்கிய நிறுவனம் 2021 இல் அதன் பராமரிப்பை நிறுத்திய பின், அதன் கிளையாக ‘போர்சு’ தோன்றியது.

பெயர்வெளி, சின்னம், பயனர் உரிமைகள் போன்ற அமைப்பு மாற்றங்களைக் கோருவோர், முதலில் ஆலமரத்தடியில் உரையாடி இணக்க முடிவை எட்டி, அதற்கான இணைப்பைப் பதிவில் தரவேண்டும். இணைப்பில்லாத கோரிக்கைகள் பெரும்பாலும் காத்துக்கிடக்கும். இடைமுகத் தமிழாக்கத்தில் உள்ள பிழைகளுக்கு வழுப்பதிவு தேவையில்லை; அவற்றை டிரான்சுலேட்டுவிக்கி தளத்தில் பயனரே நேரடியாகத் திருத்தலாம்.