கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த சைக்கிள்காரர்



தொழில் தெரிந்தவரிடம் போய் "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டால் பாதியைச் சொல்வார், மீதியைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். நம் ஊர்களில் இதைக் கண்டிருக்கிறோம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முழுவதையும் சொல்லிவிட்டால் நாளைக்கு யார் கடைக்கு வருவார்கள் என்ற பயம் நியாயமானதுதான்.

இந்தப் பயத்தைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல், சைக்கிள் கடையிலேயே வேலை செய்துகொண்டு, தனக்குத் தெரிந்த முழுவதையும் உலகத்துக்கு இலவசமாக எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு மனிதரைப் பற்றி இன்று எழுதுகிறோம். பெயர் ஷெல்டன் பிரவுன். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1944 ஜூலையில் பிறந்து, 2008 பெப்ரவரியில் மாரடைப்பால் காலமானார். நமக்கும் அவருக்கும் மொழியால், மார்க்கத்தால், ஊரால் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் நமது வாப்பாமார் ஓடிய சைக்கிளின் கதை அவருடைய எழுத்தில் இருக்கிறது.

குப்பை மேட்டிலிருந்து தொடங்கியவர்

மார்பிள்ஹெட் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர் பிரவுன். சிறுவனாக இருக்கும்போதே ஊர்க் குப்பை மேட்டில் வீசப்பட்ட சைக்கிள்களைப் பொறுக்கி வந்து, ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் பூட்டி ஓடத் தொடங்கினார். பிறகு பல சைக்கிள் கடைகளில் வேலை செய்தார். கமரா திருத்தும் தொழிலும் தெரிந்தவர். சைக்கிள் சஞ்சிகைகளில் தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதினார். கடைசியில் வெஸ்ட் நியூட்டனில் இருந்த ஹரிஸ் சைக்கிளரி என்ற கடையில் சேர்ந்தார். அவருடைய மனைவி ஹரியட் ஃபெல், நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தவர்.

1990களின் நடுப்பகுதியில் இணையம் பொதுமக்களிடம் வரத் தொடங்கியது. அந்த நேரத்தில் பெரும்பாலான கடைகளுக்கு இணையத்தளம் என்றாலே என்னவென்று தெரியாது. பிரவுன் கடைக்காக ஒரு தளத்தை உருவாக்கினார். விலைப்பட்டியலோடு அவர் நிறுத்தவில்லை. கம்பி கட்டிச் சக்கரம் செய்வது எப்படி, செயினை எப்படிக் கழுவுவது, எந்த டயர் எந்த ரிம்முக்குப் போகும் என்று ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். சைக்கிள் சொற்களுக்கென்று ஒரு அகராதியே தொகுத்தார். எங்கிருந்து யார் மின்னஞ்சலில் கேட்டாலும் பதில் எழுதினார். சைக்கிள் பற்றிப் பேசும் இணையக் குழுக்களில் ஒருவர் கேள்வி கேட்பார். இன்னொருவர் பிரவுனின் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, "வழமைபோல் ஷெல்டனிடம் பதில் இருக்கிறது" என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துக்களை மட்டும் போட்டுவிட்டுப் போவார். அந்த அளவுக்கு அது பழகிப்போன விஷயம்.

நீண்ட தாடி, தலைக்கவசத்தின் மேல் ஒரு கழுகு உருவம், இதுதான் அவருடைய தோற்றம். ஒவ்வோர் ஏப்ரல் முதலாம் திகதியும் இல்லாத ஒரு பொருளை உண்மைபோலவே விவரித்து ஒரு பக்கம் போடுவார். படிப்பவர் சிரித்துக்கொண்டே படிக்கும் எழுத்து அவருடையது.

அவர் சொல்லிக் கொடுத்தவற்றில் சில

ஒருவரை "நிபுணர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அவர் அருமை விளங்காது. அதனால் சிலவற்றை இங்கே தருகிறோம். படிப்பவர் வீட்டுச் சைக்கிளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது டயர். கணிதப் பாடத்தில் 1¾ என்பதும் 1.75 என்பதும் ஒன்றே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சைக்கிள் கடையில் அது சரிவராது. 26 × 1¾ என்று எழுதிய டயர் 571 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. 26 × 1.75 என்று எழுதிய டயர் 559 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. பன்னிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம். ஒன்றை மற்றதில் ஏற்ற முடியாது. கணக்கில் சமமான இரண்டு அளவுகளில் ஒன்று பின்னத்திலும் மற்றது தசமத்திலும் எழுதப்பட்டிருந்தால் அவை ஒன்றுக்கொன்று மாறாது என்பதைப் பிரவுன் ஒரு விதியாகவே எழுதி, வேடிக்கையாகத் தன் பெயரையும் அதற்குச் சூட்டினார். இதற்குத் தீர்வு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் இன்னொரு எண். 37-590 என்று இருந்தால் 37 டயரின் அகலம், 590 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டாவது எண் பொருந்தினால் டயர் ஏறும். பழைய றலி மூன்று கியர் சைக்கிளின் 26 × 1⅜ டயருக்கு அது 590. கம்பி பிரேக் போட்ட பெரிய 28 × 1½ சைக்கிளுக்கு 635. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் வீண் செலவு இல்லை.

இரண்டாவது, ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். 1936 இல் அறிமுகமான ஏ.டபிள்யூ. என்ற வகைதான் பெரும்பாலான றலி சைக்கிள்களில் வந்தது. பின் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, முதல் கியரில் சைக்கிளின் சக்கரம் முக்கால் சுற்று, இரண்டாவதில் ஒரு சுற்று, மூன்றாவதில் ஒன்றேகால் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாக, அதாவது 1⅓ சுற்று வரும். இந்த ஹப்புக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: மிதிக்கும்போது திடீரென்று பிடி விட்டு வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிப்பவர் விழுந்துவிடலாம். பலர் ஹப் பழுதாகிவிட்டது என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பழுது ஹப்பில் இல்லை, கேபிளின் இழுவையில்தான். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு, வலப்பக்க அச்சு நட்டில் இருக்கும் துவாரத்தால் பார்க்க வேண்டும். உள்ளிருந்து வரும் சிறு கம்பியின் தடித்த பகுதி முடியும் இடம், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிளின் திருகைக் கையால் சுற்றிச் சரிசெய்யலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லிக் கொடுத்ததால் குப்பைக்குப் போகாமல் தப்பிய ஹப்கள் எத்தனை இருக்கும்!

மூன்றாவது பிரேக். "முன் பிரேக்கைப் பிடிக்காதே, கவிழ்ந்துவிடுவாய்" என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குகிறோம். பிரவுன் இதற்கு மாற்றமாக எழுதினார். வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் இலேசாகி வழுக்குகிறது. ஆகவே காய்ந்த நல்ல பாதையில் குறைந்த தூரத்தில் நிறுத்துவது முன் பிரேக்தான். கவிழ்பவர்களில் பலர் கைகளை ஊன்றி உடலைப் பின்னால் தாங்கிக்கொள்ளாததால் கவிழ்கிறார்கள். ஈரமான, வழுக்கும், குண்டும் குழியுமான பாதையில் பின் பிரேக்கை நம்பச் சொன்னார். எது எப்போது, ஏன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருடைய வழி. தடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர் அல்ல.

நான்காவது, கியரை அளக்கும் முறை. பழைய முறையில் சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துப் பற்களின் விகிதத்தால் பெருக்குவார்கள். அதில் பெடல் தண்டின் நீளம் கணக்கில் வராது. பிரவுன் அதையும் சேர்த்தார். சக்கரத்தின் ஆரை 340 மில்லிமீற்றர், பெடல் தண்டு 170 என்றால் விகிதம் 2. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால் 3. இரண்டையும் பெருக்க 6. பெடல் ஓரடி நகர்ந்தால் சைக்கிள் ஆறடி நகரும். அங்குலத்தில் அளந்தாலும் மில்லிமீற்றரில் அளந்தாலும் விடை ஒன்றே. விகிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டுமா?

கம்பனி போனது, அறிவு நின்றது

வரலாறு என்ற வகையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. நொட்டிங்ஹாமில் உலகத்துக்கே சைக்கிள் செய்து அனுப்பிய றலி, 2000களின் தொடக்கத்தில் அங்கே உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000 ஆம் ஆண்டில் வீழ்ந்து, தாய்வான் நிறுவனமொன்றின் கைக்குப் போனது. தொழிற்சாலை மூடினால் இயந்திரத்தை விற்கலாம். நாற்பது வருடம் அதில் வேலை செய்தவர்களின் தலைக்குள் இருந்ததை யார் வாங்குவார்கள்?

றலி தன்னுடைய திருகுகளுக்கு அங்குலத்துக்கு 26 புரி வைத்தது. மற்ற ஆங்கிலச் சைக்கிள்கள் 24 புரி வைத்தன. கடையில் புதிதாக வாங்கிய பாகம் பழைய றலியில் ஏறாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். இப்படிப்பட்ட சங்கதிகளைப் பிரவுன் நேசத்தோடு எழுதி வைத்தார். அவருக்கு விலை உயர்ந்த பந்தயச் சைக்கிளும் ஒன்றுதான், வேலைக்குப் போகிறவர் ஓடும் பழைய மூன்று கியரும் ஒன்றுதான்.

அப்படியானால் கடை நஷ்டப்பட்டதா? இல்லை. அவர் எழுதியதைப் படித்தவர்கள் எங்கும் கிடைக்காத உதிரிப்பாகங்களைத் தேடி அந்தக் கடைக்கே கடிதம் அனுப்பினார்கள். ஒரு சிற்றூர்க் கடையின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. சொல்லிக் கொடுத்தால் பிழைப்புப் போய்விடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கடைசிக் காலம் அவருக்கு இலேசாக இருக்கவில்லை. நரம்பு நோய் வந்தது. 2007 இல் அது மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று வைத்தியர்கள் உறுதிப்படுத்தினார்கள். வாழ்நாள் முழுவதும் சைக்கிள் ஓடிய மனிதருக்கு இரண்டு சக்கரத்தில் சமநிலை பிடிக்க முடியாமற்போனது. அவர் மூன்று சக்கரச் சாய்வு சைக்கிளுக்கு மாறினார். எழுதுவதையும் பதில் சொல்வதையும் நிறுத்தவில்லை. அவர் காலமான பிறகு ஹரியட் ஃபெல்லும், நண்பர் ஜோன் அலன் என்ற சைக்கிள் எழுத்தாளரும் தளத்தைத் தொடர்ந்து பேணினார்கள். ஹரிஸ் சைக்கிளரி 2021 இல் மூடப்பட்டது. கடையும் போய்விட்டது, எழுதியவரும் போய்விட்டார். எழுதியது மட்டும் இருக்கிறது.

மரணத்தோடு மனிதனின் அமல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அந்த மூன்றில் ஒன்று பயன் தரும் அறிவு. பிரவுனின் கணக்கு இறைவனிடம், அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் பயன் தரும் அறிவு என்றவுடன் நாம் கிதாபை மட்டும் நினைக்கிறோம். ஸ்பேனர் பிடித்த கையிலும் அது இருக்கிறது என்பதை அவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகு மறக்க முடியவில்லை.

நமது பங்கு

2022 இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் காத்து நின்றோம். வளவின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை அப்போதுதான் வெளியே எடுத்தோம். அவற்றைத் திருத்தித் தரத் தெரிந்தவர்கள் வயதுபோன சில நானாமார்தான். வளைந்த ரிம்மைக் கண்ணாலேயே பார்த்து, கம்பியை விரலால் சுண்டிச் சத்தத்தைக் கேட்டு நேராக்குகிறவர்கள். இனி ஒரு தடவை அப்படியொரு காலம் வந்தால் அவர்கள் நம்மோடு இருப்பார்களா? அவர்களுக்குத் தெரிந்தது எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா?

அவர்கள் கட்டுரை எழுதமாட்டார்கள். எழுதுவது நமது வேலை. மஃரிபுக்குப் பிறகு கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு பிளேன்டீயோடு அவர் பக்கத்தில் உட்காருவோம். எங்கே தொழில் பழகினீர்கள், அந்தக் காலத்தில் பாகங்கள் எங்கிருந்து வந்தன, இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்போம். அனுமதி பெற்று கைபேசியில் பதிவு செய்வோம். பாடசாலையில் வரலாறு படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவர்களுக்கு இது ஒப்படை, ஊருக்கு இது ஆவணம்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு சிறு வேலையும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய மூன்று கியர் சைக்கிள் இருந்தால் பின் ஹப்பின் கறளை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரோடு இரண்டு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 58 என்றால் அந்த ஹப் 1958 இல் செய்யப்பட்டது. அந்த எண்ணையும், சைக்கிள் யாருடையது, அதில் அவர் எங்கெல்லாம் போய்வந்தார் என்பதையும் கீழே கருத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறோம்.