இறைச்சித் தொழிலில் காப்பு பாக்டீரியாக்கள்

இறைச்சியில் நோய்க்கிருமிகள் பெருகாமல் தடுப்பதற்காக வேண்டுமென்றே சேர்க்கப்படும் தீங்கற்ற பாக்டீரியாக்கள் காப்பு பாக்டீரியாக்கள் எனப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். கிருமிக்கு முன்பே இவை இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கின்றன, அமிலம் சுரக்கின்றன. சில வகைகள் பாக்டீரியோசின் என்னும் சிறு புரதத்தை வெளியிட்டு, எதிரியின் செல் சவ்வில் துளையிடுகின்றன.

ஐரோப்பாவில் உலர் தொத்திறைச்சி செய்தவர்கள், இன்னதென்று அறியாமலேயே நெடுங்காலம் இவற்றைப் பயன்படுத்தி வந்தனர். பழைய கலவையில் கொஞ்சம் எடுத்துப் புதிய இறைச்சியில் பிசைவார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறை நன்றாக அமைந்தால் இறைச்சி புளித்து நிலைக்கும், இல்லையென்றால் மொத்தமும் வீண். இந்த நிச்சயமின்மையைப் போக்க, தனித்துப் பிரித்த பாக்டீரியாக்கள் வந்தன. தொத்திறைச்சியில் லாக்டோபேசில்லஸ் என்னும் லாக்டிக் அமில பாக்டீரியாவைச் சேர்க்கும் முறைக்கு 1940இல் அமெரிக்காவில் ஜென்சன், பேடாக் ஆகியோர் காப்புரிமை பெற்றனர். 1955இல் பின்லாந்தின் நீனிவாரா மைக்ரோகாக்கஸ் வகை ஒன்றைப் பரிந்துரைத்தார். அன்றைய நோக்கம் புளிப்பு, நிறம், சீரான தரம் ஆகியவையே. பாதுகாப்பு கூடவே கிடைத்த பலன்.

கிருமியைத் தடுப்பதே நோக்கமாக நடந்த ஒரு பெரிய முயற்சி இறைச்சிக் கூடத்துக்கு வெளியே, கோழிப் பண்ணையில் தொடங்கியது. இன்குபேட்டரில் பொரிக்கும் குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை. அதன் குடலில் காவலுக்கு எதுவும் இல்லாததால் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி எளிதில் குடியேறுகிறது. வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாக்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் 1973இல் காட்டினர்.

இந்த வரலாற்றில் மிக அழகான யோசனை என்று விஸ்கான்சின் முறையைத்தான் சொல்ல வேண்டும். பேக்கன் எனப்படும் பதப்படுத்திய பன்றி இறைச்சியில், உயிரைப் பறிக்கும் பொட்யூலினம் நச்சைத் தடுக்க நைட்ரைட் சேர்ப்பது வழக்கம். ஆனால் பேக்கனை வறுக்கும்போது நைட்ரைட்டிலிருந்து புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன்கள் உருவாகின்றன என்பது 1970களில் பெரும் கவலையானது. குறைத்தால் நச்சு, கூட்டினால் நைட்ரோசமைன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உணவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தனகாவும் சகாக்களும், நைட்ரைட்டைப் பத்து லட்சத்தில் 120 பங்கிலிருந்து 40 முதல் 80 வரை குறைத்து, 0.7 சதவீதம் சர்க்கரையையும் பீடியோகாக்கஸ் பாக்டீரியாவையும் சேர்த்தனர். குளிர்ப்பெட்டியில் இருக்கும்வரை அந்த பாக்டீரியா வளராது, பேக்கன் புளிக்காது. யாரோ வெளியே மறந்து வைத்துவிட்டாலோ குளிரூட்டல் நின்றுபோனாலோ, நச்சுக்கிருமிக்குச் சாதகமான அதே வெப்பத்தில் இதுவும் விழித்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று அமிலமாக்கி, நச்சு உருவாக விடாது. குளிர் தவறும்போது மட்டும் வேலை செய்யும் காவல் இது. அமெரிக்க வேளாண் துறை 1986இல் இம்முறையை அனுமதித்தது.

அடுத்த சவால் லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி. இது குளிர்ப்பெட்டியிலும் பெருகும். இறைச்சியை நன்கு வேகவைத்தால் அழிந்துவிடும், ஆனால் துண்டு போடும் கத்தியிலிருந்தும் மேசையிலிருந்தும் பிறகு ஏறிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் 2017–18இல் பொலோனி என்னும் இறைச்சி உணவு வழியாகப் பரவி, 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. லிஸ்டீரியாவுக்கு எதிராகக் குளிரிலேயே வளரும் காவல் தேவைப்பட்டது. ஜெர்மனியின் குல்ம்பாக் இறைச்சி ஆய்வு மையத்தில் ஷில்லிங்கரும் லூக்கேயும், இறைச்சியிலிருந்து எடுத்த லாக்டோபேசில்லஸ் சகேய் வகை ஒன்று லிஸ்டீரியாவைத் தடுக்கும் சகாசின் என்னும் பாக்டீரியோசினைச் சுரக்கிறது என்று 1989இல் வெளியிட்டனர். பெயர் ஜப்பானிய சாகே மதுவிலிருந்து வந்தாலும், சகேய்க்கு இறைச்சி சொந்த வீடு. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட இதன் மரபணுத் தொகுதி காரணத்தைக் காட்டியது: சர்க்கரை தீர்ந்தாலும் இறைச்சியிலுள்ள ஆர்ஜினினையும் நியூக்ளியோசைடுகளையும் கொண்டு இது பிழைத்துக்கொள்ளும். கனடாவில் கார்னோபாக்டீரியம் வகைகளும் இதே வேலைக்கு அனுமதி பெற்றன.

எல்லைகளும் உண்டு. ஈ.கோலி, சால்மோனெல்லா ஆகியவற்றுக்கு வெளிச்சவ்வு கவசமாக இருப்பதால் பாக்டீரியோசின்கள் அவற்றை எளிதில் தொடுவதில்லை. லிஸ்டீரியாவிலும் சில செல்கள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுகின்றன. தேர்வு பிசகினால் காவல் பாக்டீரியாவே இறைச்சியைப் புளிக்கவோ பிசுபிசுக்கவோ செய்துவிடும். அழுக்கான மேசையைக் கழுவும் வேலையை எந்த பாக்டீரியாவும் செய்யாது. கழுவிய பிறகும் தப்பி நிற்கும் சில கிருமிகளைப் பெருக விடாமல் பிடித்து வைப்பதே இவற்றால் ஆகக்கூடியது.