அம்மன் காசு: தேய்மானமும் மதிப்பும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்தது மருங்காபுரி. முன்னர்ப் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர் இது. இதற்குக் கிழக்கே தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானம் பரவியிருந்தது. ஜமீனில் ஆங்கில அரசின் அணாவும் பைசாவும் வழங்கின. சமஸ்தானமோ அவற்றுடன் தனக்கென ஒரு செப்புக் காசையும் வைத்திருந்தது. அதுவே அம்மன் காசு.

சுண்டுவிரல் நகத்தினும் சற்றே பெரிய வட்டக் காசு இது. ஒருபுறம் திருக்கோகர்ணத்து அன்னை பிரகதாம்பாள் அமர்ந்த கோலம். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல். 20 காசுகள் சேர்ந்தால் ஓர் அணா. 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். நவராத்திரி நாள்களில் அரண்மனையில் அரிசியோடு இக்காசும் வழங்கப்பட்டது. விஜயரகுநாதராயத் தொண்டைமான் (1730–1769) காலத்தில், சதாசிவப் பிரம்மேந்திரரின் அருளைப் பெற்றபின் இது தோன்றியது என்பது மரபு வழிச் செய்தி.

கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசை அடையாளம் காண்பது எங்ஙனம்? காசில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. தெலுங்கு எழுத்தையும் ‘விஜய’ என்பதையும் கண்டவுடன் விஜயநகரக் காசு என்று துணிவோர் உண்டு. அத்துணிவு, காசின் வயதைப் பெரிதும் கூட்டிவிடும். எழுத்தை மட்டும் நம்பாமல் இருபுறத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். காசைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தால், மறைந்த உருவத்தின் மேடு நிழலாகத் தெரியும். அம்மனின் முகம் அழிந்தாலும் அமர்ந்த நிலையின் அகன்ற அடிப்பகுதி பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அடுத்து விளிம்பை நோக்குக. கையால் அடித்த பழைய காசு தடித்தும் வட்டம் கோணியும் காணப்படும். பிற்காலத்து இயந்திரக் காசு ஒரே அளவினதாய் இருக்கும்.

இனி மதிப்பு. இது மிகுதியாக வழங்கிய காசு. ஆதலின் சந்தையில் தேய்ந்த காசு பெருவிலை பெறாது. பழமையானது என்பதனாலேயே ஒரு பொருள் அரியது ஆகிவிடாது. காசு திரட்டுவோர் தேயாததையே விரும்புவர். வரலாற்றாசிரியனுக்கோ தேய்மானமே சான்று. பெட்டியில் உறங்கிய காசு தேய்வதில்லை. உப்பும் வெற்றிலையும் வாங்கிய காசே தேயும். அத்தகைய காசு சமஸ்தான எல்லைக்கு அப்பால் ஒரு கொல்லையில் கிடைக்குமாயின், மக்களும் பண்டங்களும் எல்லை கடந்து சென்ற வழியை அது உணர்த்தக்கூடும். கிடைத்த இடம் மறக்கப்பட்டால் அச்சான்றும் மறையும்.

பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளியிட்டுக் காசைத் துலக்குதல் தகாது. எஞ்சிய கோடுகளும் அதனால் அழியும். கிடைத்த ஊர், இடம், நாள், எடை ஆகியவற்றைக் குறித்து வைத்தலே முதற்கடமை. மண்ணில் மறைந்து கிடைத்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன் பின்னர் அம்மன் காசு கடைவீதியை விட்டு அகன்றது. திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம். அங்குச் சேராதவை பழைய அஞ்சறைப் பெட்டிகளிலும் பூசையறைத் தட்டுகளிலும் கிடக்கின்றன. பழைய செம்பென்று அவற்றை எடைக்குப் போட்டுவிட்டால், வந்த வழியைச் சொல்லும் சான்றும் உலையிலே உருகிப்போகும்.